முன்னே நிற்பது: ‘பிரசென்ற்’ என்ற சொல்லின் கதை

சொல் அறிவோம்



படிவம் நிரப்பாமல் ஒரு மாதம் கழிவது நம்மில் பலருக்கு அரிது. பிரதேச செயலகம், வங்கி, பாடசாலை, ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம் என்று எங்கே போனாலும் ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் சில தமிழில் இருக்கும், சில சிங்களத்தில் இருக்கும், சில ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். பக்கத்தில் நிற்கும் யாரையாவது கேட்டு நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவோம். என்ன கேட்டார்கள், நாம் எதற்குக் கையொப்பம் வைத்தோம் என்பது சில வேளைகளில் நமக்கே தெளிவாக இருக்காது.

அதனால் இந்த மாதம் அப்படிப்பட்ட தாள்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘பிரசென்ற்’ என்பதே அந்தச் சொல். இது நமக்குப் புதிய சொல் அல்ல. பிள்ளைகள் வகுப்பில் வரவு எடுக்கும்போது ‘பிரசென்ற் ரீச்சர்’ என்கிறார்கள். பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் ‘பிரசென்ற்’ வாங்கிக்கொண்டு போகிறோம். ஆங்கில வகுப்புக்குப் போகும் பிள்ளை ‘பிரசென்ற் ரென்ஸ்’ என்று நிகழ்கால வினையைப் படிக்கிறது. வந்திருத்தல், அன்பளிப்பு, நிகழ்காலம் என்ற மூன்று பொருள்களும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன?

சொல் பிறந்த இடம்

இந்தச் சொல் ஆங்கிலேயருக்குச் சொந்தமானது அல்ல. உரோமர் பேசிய இலத்தீன் மொழியில் ‘ப்ரை’ என்றால் முன்னே. ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இந்த இரண்டும் சேர்ந்து ‘முன்னே இருப்பது’ என்ற பொருளில் ஒரு சொல் உண்டானது. இலத்தீனிலிருந்து அது பிரெஞ்சு மொழிக்குப் போனது.

1066ஆம் ஆண்டில் பிரெஞ்சு பேசிய நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னர் நீண்ட காலம் அரசசபையிலும் நீதிமன்றத்திலும் பெரிய வீடுகளிலும் பிரெஞ்சே ஆட்சி செய்தது. வயலிலும் அடுப்படியிலும் நின்ற சாதாரண சனங்கள் ஆங்கிலம் பேசினார்கள். காலப்போக்கில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. ‘பிரசென்ற்’ என்ற சொல்லும் அப்படியே 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் வேரூன்றியது.

ஆக, மூலப் பொருள் ஒன்றுதான்: முன்னே இருப்பது. ஓர் ஆள் நம் முன்னே இருந்தால் அவர் ‘பிரசென்ற்’. காலங்கள் மூன்றில் நம் முன்னே நிற்கும் காலம் எதுவோ அது ‘பிரசென்ற்’. சென்ற காலம் பின்னே போய்விட்டது, வருங்காலம் இன்னும் வந்து சேரவில்லை.

அன்பளிப்பு என்ற பொருள் எப்படி வந்தது? பழைய பிரெஞ்சில், ஒரு பொருளை ஒருவர் முன்னிலையில் கொண்டுவந்து வைப்பதைச் சொல்ல ஒரு சொற்றொடர் இருந்தது. அப்படி முன்னே வைக்கப்பட்ட பொருளையே பிறகு ‘பிரசென்ற்’ என்று அழைத்தார்கள். நாமும் சபையில் தட்டத்தை முன்னே வைத்துத்தானே கொடுக்கிறோம்.

வாழ்த்து அட்டைகளில் சில வேளை ஓர் அழகான விளக்கத்தைக் காணலாம். இன்றைய நாள் ஒரு பரிசு, அதனால்தான் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்று எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லின் வரலாறு அப்படி அல்ல. பரிசு என்பதால் இன்றைய நாளுக்கு அந்தப் பெயர் வரவில்லை. இரண்டுமே நம் முன்னே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

இது சிறிய வேறுபாடு போலத் தோன்றும். எனினும் நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். எல்லா நாளும் பரிசாக இருப்பதில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும் நாளையும், ஷெல் துண்டு உடம்பில் இருந்து நோகும் நாளையும் பரிசு என்று நினைத்து மகிழும்படி ஒருவர் சொன்னால் நமக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ‘பிரசென்ற்’ என்ற சொல் அப்படி எதையும் நம்மிடம் கேட்கவில்லை. இது உன் முன்னே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதை விரும்பவேண்டும் என்று சொல்லவில்லை.

‘பிரசென்ற் அட்ரஸ்’ – எந்த முகவரி?

இனிப் படிவத்துக்கு வருவோம். ஆங்கிலப் படிவங்களில் இரண்டு முகவரிகள் கேட்பார்கள். ஒன்று ‘பேர்மனென்ற் அட்ரஸ்’, அதாவது நிரந்தர முகவரி. மற்றது ‘பிரசென்ற் அட்ரஸ்’, அதாவது தற்போதைய முகவரி. சில படிவங்களில் ‘ரெம்பரறி அட்ரஸ்’ என்றும் இருக்கும். அது தற்காலிக முகவரி.

தற்போதைய முகவரியும் தற்காலிக முகவரியும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். அவை ஒன்றல்ல. ‘பிரசென்ற்’ என்பது நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் கேட்கிறது. எவ்வளவு காலம் இருப்போம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘ரெம்பரறி’ என்பது காலத்தைக் குறிக்கும் ‘ரெம்புஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிறிது காலத்துக்கு மட்டும் என்பது அதன் பொருள். ‘பேர்மனென்ற்’ என்பதோ ‘கடைசிவரை தங்குவது’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

இந்த மூன்று சொற்களையும் நம் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் உறவினர் வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தன. நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றார்கள். ‘சிறிது காலத்துக்கு’ என்று எழுதிய முகவரியில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. ‘கடைசிவரை தங்குவது’ என்று எழுதிய முகவரியில் பற்றை மூடிக் கிடந்தது.

ஆகவே நிரப்பும்போது கவனமாக இருங்கள். ‘பிரசென்ற் அட்ரஸ்’ என்று கேட்டால் நீங்கள் இப்போது படுத்து எழும்பும் இடத்தின் முகவரியை எழுதுங்கள். உங்களுக்கு வரவேண்டிய கடிதம் அங்கேதான் வரும். ‘பேர்மனென்ற் அட்ரஸ்’ என்று கேட்டால் உங்கள் சொந்த ஊர் முகவரியை எழுதலாமா என்று அந்த அலுவலகத்தில் கேட்டறிந்து எழுதுங்கள். வீடு இடிந்துவிட்டது, உறுதி தொலைந்துவிட்டது என்பதற்காக அந்தக் கட்டத்தைத் தானாகவே வெறுமையாக விட்டுவிடாதீர்கள். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது ஒரு கேள்வி. எந்த மண் உங்களுடையது என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குக் கொடுத்த பதில் இரண்டாவது கேள்விக்கான பதிலை அழித்துவிடக் கூடாது.

‘பிரசென்ற்லி’ – இப்போதா, பிறகா?

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் ‘பிரசென்ற்லி’. இதன் கதை வேடிக்கையானது. முதலில் இதற்கு ‘உடனே, இக்கணமே’ என்று பொருள் இருந்தது. 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில், இயேசு சபித்த அத்திமரம் அக்கணமே பட்டுப்போனதைச் சொல்ல இந்தச் சொல்லையே பாவித்திருக்கிறார்கள். ஆனால் காலம் போகப் போக இதன் பொருள் ‘உடனே’ என்பதிலிருந்து ‘சிறிது நேரத்தில்’ என்று தளர்ந்துவிட்டது.

இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. இன்று ‘விரைவில்’ என்று பொருள்தரும் ‘சூன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஆயிரம் வருடங்களுக்கு முன் ‘உடனடியாக’ என்றே பொருள்பட்டது. ‘அனோன்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. அதன் முதற்பொருள் ‘ஒரே கணத்தில்’. அதுவும் பிறகு ‘கொஞ்சம் பொறு’ என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ‘இப்போதே’ என்று சொல்லிவிட்டுப் பிந்திச் செய்வது மனிதரின் பழக்கம். மனிதர் பிந்தப் பிந்த அவர்கள் சொன்ன சொற்களும் சேர்ந்து பிந்திவிட்டன.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. ‘இப்ப வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மணித்தியாலம் கழித்து வருவார். ‘கெதியில அறிவிப்போம்’ என்று அலுவலகத்தில் சொன்னது வருடக்கணக்கில் வராமலே போகும். ‘இப்ப’ என்ற நம் சொல்லும் இன்று எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை வீட்டில் கவனித்துப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பாடம் உண்டு. உங்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தில் ‘பிரசென்ற்லி’ என்று இருந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ‘உங்கள் விண்ணப்பம் தற்போது பரிசீலனையில் உள்ளது’ என்றும் இருக்கலாம். ‘சிறிது காலத்தில் பரிசீலிக்கப்படும்’ என்றும் இருக்கலாம். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் பெரும்பாலும் ‘தற்போது’ என்ற பொருளில்தான் வரும். எனினும் ஊகித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். “எந்தத் திகதிக்கு முன் பதில் கிடைக்கும்?” என்று கேளுங்கள். திகதியைத் தாளில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். யாரிடம் கதைத்தீர்கள், எந்த நாளில் கதைத்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ‘விரைவில்’ என்ற சொல் தளரும். திகதி தளராது.

‘அப்சென்ற்’ – இல்லாமை அல்ல

‘பிரசென்ற்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘அப்சென்ற்’. வகுப்புக்கு வராத பிள்ளைக்கு ரீச்சர் ‘அப்சென்ற்’ என்று குறிப்பார். இந்தச் சொல்லும் இலத்தீனிலிருந்தே வந்தது. ‘அப்’ என்றால் விலகி. ‘எஸ்ஸே’ என்றால், முன்னர் சொன்னதுபோல, இருத்தல். ஆகவே ‘அப்சென்ற்’ என்பதன் நேர்ப்பொருள் ‘விலகி இருத்தல்’.

கவனியுங்கள் சகோதரிகளே. ‘இருத்தல்’ என்ற வேர் இரண்டு சொற்களிலும் இருக்கிறது. ஒன்று முன்னே இருத்தல், மற்றது விலகி இருத்தல். ‘இல்லை’ என்ற பொருள் இரண்டிலும் இல்லை. வராத பிள்ளையை அப்சென்ற் என்று குறித்த ரீச்சர், அந்தப் பிள்ளை உலகத்தில் இல்லை என்று குறிக்கவில்லை. என் முன்னே இல்லை என்றுதான் குறித்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், இந்தச் சொல் நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்த பின்னர், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இறப்புகளைப் பதிவு செய்வதற்கான தற்காலிக ஏற்பாடுகள் கொண்ட சட்டம் அது. யுத்தச் சூழலில் ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவர், இறந்துவிட்டார் என்று நம்பப்பட்டால், அவருக்கு மரணச் சான்றிதழ் பெற அச்சட்டம் வழி செய்தது.

ஆனால் எத்தனையோ மனைவியரும் தாய்மாரும் அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள். கையில் பிடித்து ஒப்படைத்த மகனை, விசாரணைக்கென்று கூட்டிச் சென்ற கணவனை, செத்துவிட்டான் என்று தாங்களே எழுதிக் கையொப்பம் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மறுத்தவர்களுக்குக் கையில் ஒரு தாளும் இல்லை. தாள் இல்லாததால் கணவன் பெயரில் இருந்த காணியைப் பற்றிக் கதைக்க முடியவில்லை. வங்கிக் கணக்கைத் தொட முடியவில்லை. ‘விவாகமானவர்’, ‘விதவை’ என்ற இரண்டு கட்டங்களில் எதில் புள்ளடி இடுவது என்றும் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இந்த ஏற்பாட்டைத் திருத்தியது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்று அது சொன்னது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல்தான் ‘அப்சென்ஸ்’. இந்தச் சான்றிதழைக் கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற்போனவரின் சொத்து தொடர்பான அலுவல்களையும் பிள்ளைகளின் பாதுகாவல் தொடர்பான அலுவல்களையும் கவனிப்பதற்கும் இது ஓர் ஆதாரமாகும்.

இந்தத் தாள் அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. அவர் விலகி இருக்கிறார், எங்கே என்று இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. இதைப் பெற்றதால் தேடுவதை நிறுத்தவேண்டும் என்பதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உண்டான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். அங்கு முறைப்பாடு செய்வதும் இந்தச் சான்றிதழைப் பெறுவதும் ஒன்றையொன்று தடுக்கமாட்டா.

ஒரு தாளால் துயரம் தீரும் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மை தெரியவேண்டும் என்று கேட்டு வீதியில் அமர்ந்திருந்த தாய்மாரின் கேள்விக்கு எந்தச் சான்றிதழும் பதிலாகாது. சிலர் எந்தத் தாளும் வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. வேறு சிலர் பிள்ளைகளின் படிப்புக்காக மரணச் சான்றிதழே பெற்றிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் எந்தத் தாளை வாங்கினாலும், வாங்காவிட்டாலும், அதில் உள்ள சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பொருள் தெரியாமல் வைத்த கையொப்பம் பிறகு மனதை அரிக்கும்.

நம் மொழியில்

தமிழில் ‘இப்பொழுது’ என்பது ‘இ’, ‘பொழுது’ என்ற இரண்டும் சேர்ந்தது. ‘இ’ என்பது பக்கத்தில் உள்ளதைச் சுட்டும் எழுத்து. இந்தப் பொழுது என்று விரலால் சுட்டிக் காட்டுவதுபோல நம் சொல் அமைந்திருக்கிறது. தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாக வகுத்தது. அங்கே இறப்பு என்றால் சாவு அல்ல, கடந்து போனது. நிகழ்வு என்றால் நடந்துகொண்டிருப்பது. ஆங்கிலம் முன்னே நிற்பது என்கிறது. நாம் நடந்துகொண்டிருப்பது என்கிறோம். நின்றாலும் நடந்தாலும் அது கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

உளவளத்துணையாளர்கள் நமக்குச் சொல்லித்தரும் ஒரு பயிற்சியும் இதனோடு சேர்ந்தது. பழைய சத்தமும் காட்சியும் திடீரென்று வந்து நெஞ்சை அடைக்கும்போது, இரண்டு காலையும் நிலத்தில் அழுத்தி வைக்கச் சொல்வார்கள். கண்ணெதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்லச் சொல்வார்கள். குடம், கதவு, மாமரம், பிள்ளையின் செருப்பு, கொடியில் காயும் சீலை. நடந்தது பொய் என்று இந்தப் பயிற்சி சொல்லவில்லை. அது பின்னே இருக்கிறது, குடமும் கதவும் முன்னே இருக்கின்றன என்று உடம்புக்கு ஞாபகப்படுத்துகிறது. முயன்றும் அடங்காமல் நித்திரை குழம்பினால் தனியே கிடந்து தவிக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படிவத்தில் கண்டால்

வெட்டி வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்:

‘பிரசென்ற் அட்ரஸ்’ – தற்போது வசிக்கும் முகவரி.

‘பேர்மனென்ற் அட்ரஸ்’ – நிரந்தர முகவரி.

‘ரெம்பரறி அட்ரஸ்’ – சிறிது காலத்துக்குத் தங்கியிருக்கும் முகவரி.

‘பிரசென்ற் ஒக்கியுபேஷன்’ – தற்போது செய்யும் தொழில். தையல், கோழி வளர்ப்பு, இடியப்பம் அவித்து விற்றல் எல்லாம் தொழில்தான். ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

‘கரன்ற் எக்கவுண்ட்’ – வங்கியில் நடைமுறைக் கணக்கு. ‘கரன்ற்’ என்றால் ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர்.

அடையாள அட்டையையோ காசோலையையோ ‘பிரிசென்ற்’ செய்யும்படி எழுதியிருந்தால், அதைக் கொண்டுவந்து முன்னே காட்டவேண்டும் என்பது பொருள். எழுத்து ஒன்றுதான். வினையாக வரும்போது பின் அசையை அழுத்திச் சொல்லவேண்டும்.

உங்களுக்குக் கிடைத்த கடிதத்திலோ படிவத்திலோ விளங்காத சொல் ஏதும் இருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட விரும்பாதவர்கள் ஊரை மட்டும் குறிப்பிட்டால் போதும். ஒருவருக்கு விளங்காத சொல் பலருக்கும் விளங்காமல் இருக்கும். அடுத்த இதழில் ‘விற்னஸ்’, அதாவது சாட்சி, என்ற சொல்லைப் பற்றிக் கதைப்போம்.